ரத்தத்தில் தெரியாத எச்.ஐ.வி. உடம்பில் எங்கே இருக்கிறது?

கேள்வி கேட்டவர் ஆறு வருடமாக எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சையில் (ஏ.ஆர்.டி.) இருக்கிறார். தினமும், மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரு டி.எல்.டி. மாத்திரை. ஏ.ஆர்.டி. மையத்தில் எடுக்கும் வைரல் லோடு பரிசோதனையில் ஒவ்வொரு முறையும் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்றே வருகிறது. இருந்தும் ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும் என்கிறார் மருத்துவர். ரத்தத்தில் இல்லாத வைரஸ் வேறு எங்கேதான் இருக்கிறது? மாத்திரையின் அளவைக் கூட்டினால் அதையும் அழித்துவிட முடியாதா? ஒளிந்திருக்கும் வைரஸ் மனைவிக்குப் பரவுமா? இந்த மூன்றும்தான் அவர் கேட்டவை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வைரஸ் உங்கள் நோய் எதிர்ப்பு செல்கள் சிலவற்றின் டி.என்.ஏ.வுக்குள் எழுதப்பட்டு இருக்கிறது. அந்த செல்களில் பெரும்பாலானவை நிணநீர்க் கணுக்கள், குடல், மண்ணீரல் போன்ற இடங்களில் வாழ்கின்றன. கொஞ்சம் மூளையிலும் உண்டு. அளவைக் கூட்டிப் பயனில்லை, ஏனென்றால் இப்போதுள்ள மருந்துகள் எதுவும் அந்த எழுத்தை அழிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மனைவிக்குப் பரவாது. இனி விளக்கம். நீளமாகத்தான் இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரையை விழுங்கச் சொல்லும்போது அதற்கான காரணத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வைரல் லோடு பரிசோதனை எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அது உங்கள் ரத்தத்தின் பிளாஸ்மாவில், அதாவது செல்களை நீக்கிய திரவப் பகுதியில், மிதக்கும் வைரஸ் துகள்களின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை எண்ணுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 முதல் 50 பிரதிகளுக்குக் கீழே இருந்தால் சாதாரணக் கருவிகளால் பிடிக்க முடியாது. ஆராய்ச்சிக்கூடங்களில் ஒற்றைப் பிரதியைக்கூடப் பிடிக்கும் முறை ஒன்று உண்டு. அதைக் கொண்டு பார்த்தால், பல வருடம் ஒழுங்காக மருந்து எடுத்தவர்களில் பலரிடமும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்ற அளவில் வைரஸ் ஆர்.என்.ஏ. தெரிகிறது. எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. அந்த ‘எங்கிருந்தோ’வை இந்தப் பரிசோதனை பார்ப்பதே இல்லை. செல்லுக்குள் இருப்பதை எண்ணுவது அதன் வேலையும் இல்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? எச்.ஐ.வி. முக்கியமாக நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிடி4 டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் நுழைகிறது. நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதுகிறது. அப்புறம் இன்டக்ரேஸ் என்ற நொதியைக் கொண்டு அந்த டி.என்.ஏ.வை நம் செல்லின் குரோமோசோமுக்குள் ஒட்டிவிடுகிறது. இப்படி ஒட்டிக்கொண்ட வைரஸ் டி.என்.ஏ.வுக்கு புரோவைரஸ் என்று பெயர். ஒட்டிய பிறகு அதற்கும் நம் மரபணுக்களுக்கும் இடையே சுவர் எதுவும் கிடையாது. செல் உயிரோடு இருக்கும் வரை அதுவும் இருக்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் இரண்டிலும் இருக்கும்.

நீங்கள் விழுங்கும் மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் கட்டத்தைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் குரோமோசோமில் ஒட்டும் கட்டத்தைத் தடுக்கிறது. மூன்றுமே புதிதாக ஒரு செல் தொற்றுக்கு ஆளாவதைத் தடுப்பவை. ஏற்கெனவே ஒட்டி முடிந்துவிட்ட செல்லில் அவற்றுக்கு வேலையே இல்லை. அந்த செல் வைரஸை உற்பத்தி செய்தாலும், வெளியே வரும் துகளால் அடுத்த செல்லில் குடியேற முடியாது என்பதுதான் சிகிச்சையின் வெற்றி. உற்பத்தி செய்யும் செல்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்துவிடும். புதிதாக எதுவும் சேராததால் சில வாரங்களில் வைரல் லோடு சரிந்து விழுகிறது.

அப்படியானால் பழைய செல்கள் எல்லாம் ஒரு நாள் செத்துத் தீர்ந்துவிடும் அல்லவா? 1996-இல் விஞ்ஞானிகளே இப்படித்தான் நம்பினார்கள். அந்த வருடம்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையின் பலன் உலகுக்குத் தெரிந்தது. எச்.ஐ.வி. ஆராய்ச்சியாளர் டேவிட் ஹோவும் கணிதவியலாளர் ஆலன் பெரல்சனும் உள்ளிட்ட குழு வைரஸ் குறையும் வேகத்தைக் கணக்கிட்டு, மருந்து முழுமையாகத் தடுத்தால் இரண்டு மூன்று வருடத்தில் எச்.ஐ.வி. உடம்பை விட்டே போய்விடலாம் என்று எழுதியது. அவர்களுடைய கணக்கில் பிழையில்லை. தங்களுக்குத் தெரிந்த செல் வகைகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. தெரியாத செல் வகை ஒன்று இன்னும் இருந்தால் கணக்கு மாறும் என்று அவர்களே அந்தக் கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார்கள்.

அந்த இன்னொன்று இருந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோவின் ஆய்வகம் 1995-லேயே ஓய்வில் இருக்கும் சிடி4 செல்களுக்குள் ஒட்டிக்கொண்ட வைரஸைக் காட்டியிருந்தது. 1997-இல் சிலிசியானோ, டக்ளஸ் ரிச்மன், ஆந்தனி ஃபௌசி ஆகியோரின் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: மருந்தில் நன்றாக இருப்பவர்களின் ரத்தத்திலிருந்து ஓய்வு செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் தூண்டி எழுப்பினால், உயிருள்ள, பெருகக்கூடிய வைரஸ் வெளியே வருகிறது. ரத்தத்தில் வைரஸ் தெரியாதவர்களிடமும்தான்.

ஏன் ஓய்வு செல்கள்? நம் எதிர்ப்பு மண்டலம் ஒரு கிருமியைச் சந்தித்தால் அதற்குப் பொருத்தமான டி செல்கள் விழித்துப் பெருகிச் சண்டையிடும். சண்டை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துவிடும். சில மட்டும் நினைவு செல்களாக மாறி ஓய்வுக்குப் போகும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசி வயதான பிறகும் வேலை செய்வதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. நீண்ட காலம் சாகாமல் கிடப்பதே அவற்றின் இயல்பு. எச்.ஐ.வி. விழித்திருக்கும் செல்லைத்தான் எளிதாகத் தாக்குகிறது. அப்படித் தாக்கப்பட்ட செல்களில் மிகச் சில, சாவதற்கு முன் ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. வைரஸ் தன் மரபணுவைப் படிக்க வைக்க வேண்டுமென்றால் செல்லுக்குள் இருக்கும் சில புரதங்களின் உதவி வேண்டும். என்எஃப்-கப்பாபி அவற்றில் முக்கியமானது. ஓய்வு செல்லில் அந்தப் புரதங்கள் உட்கருவுக்குள் வராமல் அடங்கியிருக்கும். ஆகவே வைரஸும் அடங்கிப்போகும். புரதம் எதையும் அது செய்யாது. வெளியே அடையாளம் எதுவும் காட்டாது. நம் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது நம் சொந்த செல். அதைத் தாக்க அதற்குக் காரணமே இல்லை.

கோரை முளைத்த வயலில் களை எடுத்தவர்களுக்கு இது புரியும். மேலே இருக்கும் புல்லை எல்லாம் பிடுங்கினால் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும்.

எவ்வளவு கிடக்கிறது என்பதுதான் ஆச்சரியம். சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் ஓய்வு சிடி4 செல்களில் ஏறக்குறைய 10 லட்சத்துக்கு ஒன்றில்தான், ஆய்வகத்தில் எழுப்பினால் பெருகும் வைரஸ் கிடைக்கிறது. அவ்வளவு கொஞ்சம். ஆனால் குறையும் வேகமும் அதே அளவுக்கு மெதுவானது. சிலிசியானோ குழு வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்ததில், இப்படி ஓய்வு செல்களில் ஒளிந்திருக்கும் வைரஸ் இருப்பு (இதைத் தேக்கம் என்போம்) பாதியாகக் குறைய சராசரியாக 44 மாதம் ஆகிறது என்று தெரிந்தது. அந்த வேகத்தில் கடைசி செல் வரை தீர வேண்டுமென்றால் 73 வருடம் மருந்து சாப்பிட வேண்டும். ‘ஆயுள் முழுக்க’ என்று உங்கள் மருத்துவர் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த எண்தான்.

பிறகு வந்த ஆய்வுகள் அதையும் சிக்கலாக்கின. இருபது வருடத்துக்கும் மேல் தொடர்ந்து மருந்து எடுத்தவர்களைப் பார்த்தபோது, முதல் சில வருடங்களுக்குப் பிறகு குறைவது நின்றுபோய், சிலரிடம் மிக மெல்ல ஏறவும் செய்கிறது என்று 2023-இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு காட்டியது. புதுத் தொற்று இல்லாமல் எப்படி ஏறும்? இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இதுதான்.

வைரஸ் குரோமோசோமில் ஒட்டும் இடம் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கும். ஆகவே இரண்டு செல்களில் மிகச் சரியாக ஒரே இடத்தில் வைரஸ் ஒட்டியிருந்தால், அவை இரண்டும் ஒரே தாய் செல்லிலிருந்து பிரிந்தவை என்று அடித்துச் சொல்லலாம். 2014-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் இப்படித் தேடியபோது, ஒரே இடத்தில் வைரஸ் ஒட்டிய செல்கள் கூட்டம் கூட்டமாகக் கிடைத்தன. வைரஸ் பெருகவில்லை, அதைச் சுமந்த செல்தான் பெருகியிருக்கிறது. செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதியெடுக்கும்போது வைரஸையும் சேர்த்துப் பிரதியெடுத்துவிடுகிறது, அதுவும் ஏறக்குறைய பிழையே இல்லாமல். நினைவு செல் பெருகுவதற்குக் காரணங்கள் நிறைய: அது நினைவில் வைத்திருக்கும் கிருமி மறுபடி தலைகாட்டலாம் (சைட்டோமெகலோ வைரஸ் நம்மில் மிகப் பெரும்பாலானோரிடம் ஆயுள் முழுக்க இருந்து அவ்வப்போது எட்டிப்பார்ப்பது), அல்லது நினைவு செல்களின் எண்ணிக்கையைக் காக்க உடம்பு தானே அனுப்பும் சமிக்ஞைகள் வரலாம். சில நேரங்களில் செல் வளர்ச்சியோடு தொடர்புள்ள பிஏசிஎச்2 போன்ற மரபணுவுக்குள் வைரஸ் ஒட்டியதே அந்த செல்லுக்குச் சாதகமாகிவிடுகிறது.

ஆக, நோய்களை நினைவில் வைத்துக்கொள்ள உடம்பு கொண்டிருக்கும் ஏற்பாடே வைரஸையும் காப்பாற்றி வளர்க்கிறது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஒரு வேளை மாத்திரையும் தவறவிடாதவரிடமும் இது நடக்கும்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. செல்களுக்குள் ஒட்டியிருக்கும் புரோவைரஸ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் உடைந்தவை. பெரிய துண்டுகள் காணாமல்போனவை, பிழைகளால் சிதைந்தவை. அவற்றால் மறுபடி ஒரு முழு வைரஸை உருவாக்க முடியாது. அதனால்தான் செல்களில் உள்ள மொத்த எச்.ஐ.வி. டி.என்.ஏ.வை அளந்து ஒருவருக்கு ‘இவ்வளவு தேக்கம்’ என்று சொல்வது தவறான படத்தைக் கொடுக்கும். எண்ணப்படுவதில் பெரும்பங்கு குப்பை. ஆனால் முழுசாக இருப்பவை எல்லாம் ஒரே தூண்டலில் எழுந்துவிடுவதும் இல்லை. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் தூண்டலில் எழாதவற்றிலும் பத்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் பழுதில்லாதவை என்று காட்டியது. ‘10 லட்சத்துக்கு ஒன்று’ என்ற பழைய எண்ணிக்கையைவிட உண்மைத் தேக்கம் பல மடங்கு பெரிதாக இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

சரி, செல்லைப் பார்த்தாயிற்று. இந்த செல்கள் உடம்பில் எங்கே வசிக்கின்றன?

உடம்பில் உள்ள லிம்ஃபோசைட்டுகளில், அதாவது டி செல்கள், பி செல்கள் போன்ற வெள்ளணுக்களில், சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவை திசுக்களில். நம் கையில் ஊசி போட்டு எடுப்பது அந்த 2 சதவீதத்திலிருந்து. ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ரத்தத்தைச் சுற்றியே நடந்ததற்குக் காரணம், ரத்தம் எடுப்பது எளிது என்பதுதான். வைரஸ் அங்கே அதிகம் என்பதால் இல்லை.

குடலின் உட்சுவர் முழுக்க எதிர்ப்பு செல்கள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. நாம் தின்னும் சோற்றோடும் குடிக்கும் தண்ணீரோடும் உள்ளே வரும் எல்லாவற்றையும் அவை சோதித்தாக வேண்டும், ஆகவே அங்கே விழித்திருக்கும் சிடி4 செல்கள் அதிகம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. அங்கே பெரும் அழிவைச் செய்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பிறகும் குடல் சுவரின் செல்களில் எச்.ஐ.வி. டி.என்.ஏ. ரத்த செல்களில் உள்ளதைவிட அதிக அடர்த்தியில் இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. குடல் சுவர் முழுதாக ஆறாமல் போவதால் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, மருந்தில் நன்றாக இருப்பவர்களிடமும் லேசான அழற்சி தொடர்கிறது.

நிணநீர்க் கணுக்கள் இன்னும் சுவாரசியமான இடம். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறதே, அவைதான். ஒவ்வொரு கணுவுக்குள்ளும், ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் கூடும் உருண்டையான பகுதிகள் உண்டு. பி செல்களுக்கு உதவ ஒருவகை சிடி4 செல்கள் அதற்குள் போகின்றன. எச்.ஐ.வி. தொற்றிய செல்களைக் கொல்லக்கூடிய சிடி8 செல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உருண்டைக்குள் நுழைய அனுமதிச் சமிக்ஞை இல்லை. ஆகவே அது வைரஸுக்கு ஒரு சரணாலயம். 2015-இல் அமெரிக்காவின் ஓரிகனில் லூயிஸ் பிக்கரின் குழு குரங்குகளில் இதை மிகத் தெளிவாகக் காட்டியது. மருந்தே இல்லாமல் வைரஸைத் தானாகக் கட்டுப்படுத்தும் குரங்குகளில்கூட, வைரஸ் உற்பத்தி அந்த உருண்டைகளுக்குள் ஒதுங்கி நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு, நீண்ட காலம் மருந்தில் இருக்கும் மனிதர்களின் கணுக்களிலும் பெருகக்கூடிய வைரஸின் முக்கிய இருப்பிடம் பிடி-1 என்ற புரதத்தைத் தாங்கிய இந்த உதவி செல்கள்தான் என்று கண்டது. இவற்றோடு, அதே உருண்டைக்குள் இருக்கும் ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல்கள் வைரஸ் துகள்களைத் தம் மேற்பரப்பில் பிடித்து நெடுநாள் வைத்திருக்கும். அவை தொற்றுக்கு ஆளாவதில்லை, சுமந்து நிற்கின்றன.

மருந்து அங்கே போய்ச் சேருகிறதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே அடிப்படை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நிணநீர்க் கணுவிலுள்ள செல்களுக்குள் சில மருந்துகளின் அளவு ரத்த செல்களில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தது. 2016-இல் இன்னொரு குழு, கணுக்களில் மருந்தையும் மீறி வைரஸ் மெல்லப் பெருகிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியது. பெரிய வாதம் நடந்தது. நான், பெருகவில்லை என்று சொல்லும் எதிர்த் தரப்பின் பக்கம். காரணம் எளிது. எச்.ஐ.வி. பெருகினால் பிழை செய்யும், பிழை செய்தால் அதன் மரபணு வருடத்துக்கு வருடம் மாறும். மருந்தில் பல வருடம் நன்றாக இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வைரஸை எடுத்து ஒப்பிட்ட பெரும்பாலான ஆய்வுகளில் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. சிகிச்சை தொடங்கிய நாளில் உறைந்த வைரஸாகவே அது இருக்கிறது. அதோடு, நன்றாகக் கட்டுப்பட்டவர்களுக்கு ரால்டெக்ராவிர் போன்ற இன்னொரு மருந்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்த சோதனைகளில் ரத்தத்தில் கசியும் அந்த ஒன்றிரண்டு பிரதிகளும் குறையவில்லை, தேக்கமும் குறையவில்லை. மருந்து எட்டாததுதான் பிரச்சினை என்றால் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். எனவே தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் டெனோஃபோவிர் கூடுதலாகப் போவது மட்டுமே அதில் மிச்சம்.

மூளை தனிக் கதை. ரத்தத்திலிருந்து எதை உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுக்கும் தடுப்பு ஒன்று மூளைக்கு இருக்கிறது. சில மருந்துகள் அதைக் கடந்து நன்றாகப் போகும், சில குறைவாகப் போகும். மூளையில் எச்.ஐ.வி. தங்குவது முக்கியமாக மூளையின் சொந்த எதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியாவிலும், ரத்தக் குழாய்களை ஒட்டிய, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிலும். மைக்ரோகிளியா வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், மெதுவாகத் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். இவற்றில் இருப்பது உண்மையிலேயே பெருகக்கூடிய வைரஸா, வெறும் எச்சமா என்பது வெகுகாலம் தீராத கேள்வியாக இருந்தது. உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து செல் எடுத்துப் பார்க்க முடியாதே.

அதைத் தீர்த்தவர்கள் நோயாளிகளே. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ‘கடைசிப் பரிசு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில், புற்றுநோய் போன்ற வேறு நோயால் இன்னும் சில மாதமே வாழப்போகிறவர்கள் அதில் தாமாகச் சேர்கிறார்கள். இருக்கும்போது ரத்தம் கொடுக்கிறார்கள். இறந்ததும் சில மணி நேரத்துக்குள், செல்கள் உயிரோடு இருக்கும்போதே, உடம்பின் பல உறுப்புகளிலிருந்தும் திசு எடுக்க முன்கூட்டியே சம்மதம் தருகிறார்கள். தமக்கு எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தே செய்யும் தானம் இது. நிணநீர்க் கணு, குடல், மண்ணீரல், மூளை, நுரையீரல், ஈரல், சிறுநீரகம், இனப்பெருக்க உறுப்புகள் என்று பரவலாக எச்.ஐ.வி. டி.என்.ஏ. இருப்பது இவர்களால் தெரிந்தது. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த வைரஸ் உறுப்பு விட்டு உறுப்பு பயணம் செய்திருப்பதும் தெரிந்தது. 2023-இல் வட கரோலினா பல்கலைக்கழகக் குழு இத்தகைய கொடையாளிகளின் மூளையிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து பெருகக்கூடிய வைரஸை எழுப்பிக் காட்டியது.

நடைமுறையில் இது உங்களைப் பாதிக்குமா? மிக அரிதாகச் சிலரிடம் ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்க, முதுகுத் தண்டு நீரில் மட்டும் தெரியும். புதிதாகக் குழப்பம், தடுமாற்றம், நடையில் மாற்றம் போன்றவை வந்தால் மருத்துவர் அந்த நீரை எடுத்துப் பார்ப்பார். அறிகுறி இல்லாதவர்களுக்கு அது தேவைப்படாது.

இப்போது மனைவி பற்றிய கேள்வி. விந்தகத்திலும் இனப்பெருக்கப் பாதையிலும் தொற்றிய செல்கள் இருக்கின்றன என்று படித்துப் பலர் பயப்படுகிறார்கள். இங்கே நேரடியான சாட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து வைரஸ் அடங்கியிருக்க, மற்றவருக்கு இல்லாத தம்பதிகளைப் பின்தொடர்ந்தார்கள். 2016-இல் வந்த முடிவில் ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகள், 2019-இல் ஆண் ஜோடிகளிடம் வந்த முடிவில் சுமார் 76,000 உறவுகள். இரண்டிலும், மருந்தில் இருந்த துணையிடமிருந்து பரவியது ஒன்றுகூட இல்லை. தேக்கம் இந்த எல்லோரிடமும் இருந்தது, பரவவில்லை. அடங்கிக் கிடக்கும் செல் வேறு, தொற்றத் தேவையான அளவு வைரஸ் துகள்கள் வேறு. நீங்கள் மாத்திரையைத் தொடரும் வரை உங்கள் மனைவிக்கு உங்களிடமிருந்து உடலுறவால் வராது. ஆனால் ரத்ததானம் கூடாது. ஒரு முழுப் பை ரத்தத்தில் கோடிக்கணக்கான செல்கள் அப்படியே இன்னொருவர் உடம்புக்குள் போகும். உடலுறவுக்குச் சொன்ன பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து மனதில் எழக்கூடியதால் சொல்கிறேன்: இத்தனை வருடம் ஒன்றுமில்லையே, நிறுத்திப் பார்த்தால் என்ன? நிறுத்திப் பார்த்தவர்களின் கதைகள் இருக்கின்றன. 2010-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எச்.ஐ.வி.யோடு பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்திலேயே மருந்து தொடங்கினார்கள். சுமார் 18 மாதத்தில் சிகிச்சை நின்றுபோனது. அதன் பிறகும் வைரஸ் தெரியாததால் உலகமே குணமாகிவிட்டது என்று கொண்டாடியது. 27 மாதம் கழித்து, 2014-இல், வைரஸ் திரும்பி வந்தது. பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் வகைக்காக எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட இருவரிடம், எவ்வளவு தேடியும் ரத்தத்திலும் குடலிலும் வைரஸ் கிடைக்கவில்லை. நம்பிக்கையோடு மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்திலும் மற்றவருக்கு 32 வாரத்திலும் திரும்பியது. எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாத அளவு மிச்சமே போதுமானதாக இருந்திருக்கிறது. சாதாரணமாக நிறுத்துகிறவர்களுக்கு இவ்வளவு காலம்கூட ஆகாது. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வந்துவிடும். 5,000-க்கும் மேற்பட்டவர்களோடு நடந்த ஸ்மார்ட் என்ற ஆய்வில், சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை விட்டுவிட்டு, குறைந்ததும் தொடங்கும் முறையைச் சோதித்தார்கள். நிறுத்தியவர்களுக்கு நோயோ மரணமோ ஏற்படும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்ததால் 2006-இல் அதைப் பாதியில் முடிக்க வேண்டியதாயிற்று.

குணமானவர்களும் உண்டு. பெர்லினில் சிகிச்சை பெற்ற திமொதி ரே பிரவுனுக்கு 2007-லும் 2008-லும், எச்.ஐ.வி. நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற கதவே இல்லாத கொடையாளியின் மஜ்ஜை செல்கள் கொடுக்கப்பட்டன. 2020-இல் ரத்தப் புற்றுநோயால் இறக்கும் வரை மருந்தில்லாமல் எச்.ஐ.வி. திரும்பவில்லை. அதன் பிறகு லண்டன், டுசல்டார்ஃப் என்று இன்னும் சிலர். எல்லோருமே உயிரைக் காக்க மஜ்ஜை மாற்று அவசியமாக இருந்த புற்றுநோயாளிகள். அந்த சிகிச்சையில் உயிர் போகும் ஆபத்தே கணிசம். தினம் ஒரு மாத்திரையில் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அதை எந்த மருத்துவரும் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தூங்கும் வைரஸை மருந்தால் எழுப்பி, அந்த செல்லை எதிர்ப்பு மண்டலத்தால் கொல்ல வைப்பது ஒரு வழி. 2012-இல் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து வைரஸை எழுப்பியது உறுதியானது. ஆனால் எழுப்பினால் மட்டும் செல் சாவதில்லை. பிறகு தடுப்பூசியோடு சேர்த்துச் செய்த ரிவர் என்ற பிரிட்டிஷ் சோதனையிலும் தேக்கம் குறையவில்லை. இதற்கு நேர்மாறாக, நிரந்தரமாகத் தூங்க வைப்பது இன்னொரு வழி. அதற்கான நம்பிக்கை இயற்கையிலிருந்தே வந்தது: மருந்தில்லாமல் வைரஸைக் கட்டுப்படுத்தும் அபூர்வ மனிதர்களில், முழுசான புரோவைரஸ்கள் பெரும்பாலும் குரோமோசோமில் மரபணுக்கள் படிக்கப்படாத, இறுகிய பகுதிகளில் ஒட்டியிருப்பதை 2020-இல் கண்டார்கள். எளிதில் எழும் இடங்களில் ஒட்டியவற்றை அவர்களுடைய எதிர்ப்பு மண்டலம் வருடக்கணக்கில் பொறுக்கி அழித்திருக்க வேண்டும். எனக்கு இந்தப் பாதையில்தான் அதிக நம்பிக்கை. மருந்தில் நீண்ட காலம் இருப்பவர்களிடமும் இதே போக்கு மெதுவாக நடப்பதற்கான தடயங்கள் கிடைத்து வருகின்றன.

தேக்கத்தைச் சிறிதாக வைக்க இன்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே வழி, சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது. அதற்கும் எல்லை உண்டு. குரங்குகளில் தொற்றிய மூன்றாம் நாளே, ரத்தத்தில் வைரஸ் தெரிவதற்கு முன்பே மருந்து கொடுத்தும், நிறுத்தியபோது திரும்பி வந்தது. ஆனாலும் சில வாரங்களிலேயே தொடங்குபவருக்கும் வருடக்கணக்கில் தாமதிப்பவருக்கும் மிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது பரிசோதனைக்குத் தயங்கிக்கொண்டிருந்தால், அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, தொற்று இருந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு மருந்தும் இல்லை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று பரிசோதனையும் மாத்திரையும் இரண்டுமே இலவசம்.

கடைசியாக, உங்களுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஏதாவது பரிசோதனை செய்யலாமா என்றால், வேண்டாம். முழுசான புரோவைரஸை மட்டும் எண்ணும் முறைகள் ஆராய்ச்சிக்காக இருக்கின்றன. அந்த எண் எதுவாக வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை. தனியார் ஆய்வகம் எதுவும் ‘டி.என்.ஏ. பரிசோதனை செய்து குணமானதை உறுதி செய்கிறோம்’ என்று சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏ.ஆர்.டி. மையம் சொல்லும் தேதியில் வைரல் லோடு பாருங்கள். எப்போதாவது ஒருமுறை 60, 80 என்று வந்து அடுத்த முறை மறைந்தால் கலங்க வேண்டாம். எங்கோ ஒரு செல் கூட்டம் விழித்து மறுபடி அடங்கியிருக்கும். தொடர்ந்து ஏறினால் மட்டும் மருத்துவரிடம் உடனே பேசுங்கள், அதற்குள் எத்தனை வேளை தவறியது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.